பாலாவி உப்பும் விஞ்ஞான வெற்றிடமும்

கடல்நீரிலிருந்து உப்பு எடுப்பது உயர்தர இரசாயனவியலில் ஒரு பாடம். முதல் பாத்தியில் கல்சியம் காபனேற்று படியும், அடுத்ததில் ஜிப்சம், கடைசிப் பாத்தியில்தான் கறியுப்பு. வாரிக் குவித்த உப்பை உடனே மூட்டை கட்டுவதில்லை; மாதக்கணக்கில் கிடக்க விடுவார்கள். அதிலுள்ள மகனீசியம் குளோரைட்டு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கரைந்து வடிய, கசப்பும் போய்விடும். கொழும்புப் பிள்ளை இதைப் படத்தில் பார்த்துப் படிக்கிறது. புத்தளத்துப் பிள்ளை பாலாவி உப்பளத்துக்கு பஸ் ஏறினால் போதும். ஆனால் கற்பிட்டி முதல் உடப்பு வரையான கரையில் இந்தப் பாடத்தைத் தமிழில் நடத்த ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு.

இதைச் சம்பளக் குறைவாலோ ஆசிரியரின் மனக்குறைவாலோ வந்த பஞ்சம் என்று பார்ப்பது பாதி உண்மைதான். இலங்கையின் சுமார் 10,000 அரசப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலைகள் ஏறத்தாழ 1,000 மட்டுமே. 1சி பாடசாலையில் கலையும் வர்த்தகமும் படிக்கலாம், விஞ்ஞானம் படிக்க முடியாது. ஊரில் விஞ்ஞானம் படித்தவர் இல்லாததால் ஊரிலிருந்து விஞ்ஞான ஆசிரியர் வருவதில்லை. ஆசிரியர் வராததால் பிரிவும் தொடங்குவதில்லை. வடமேல் மாகாணத்தில் தமிழ்மொழிமூலப் பாடசாலைகள் சிறுபான்மை என்பதால் இந்தச் சுற்று இன்னும் இறுகுகிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பகுதி புத்தளத்துக்கே வந்தது. மாணவர் தொகை திடீரென்று ஏறியது, ஆசிரியர் தொகை அந்த வேகத்தில் ஏறவில்லை. 2012 முதல் பாடசாலைகளில் அரசின் மகிந்தோதய ஆய்வுகூடங்கள் கட்டப்பட்டன. கட்டடத்துக்கு ஒப்பந்தக்காரர் போதும், பௌதிகவியல் ஆசிரியரை ஒப்பந்தக்காரரால் கொண்டுவர முடியாது.

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பயின்றவரை இங்கே நியமித்தால் அவர் முதல் நாளிலிருந்தே இடமாற்ற விண்ணப்பத்தை நினைப்பது இயல்பு. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குணம் அல்ல. 1999 முதல் 2002 வரை நியூயோர்க் மாநிலத்தில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களை ஆராய்ந்தபோது, 61 சதவீதத்தினர் சொந்த ஊரிலிருந்து 15 மைலுக்குள் பணியைத் தொடங்கியிருந்தது தெரிந்தது. மனிதர் ஊர்ப்பக்கமே ஒதுங்குவார்கள் என்றால், கொள்கை அந்த ஈர்ப்போடு மல்லுக்கட்டாமல் அதைப் பயன்படுத்தட்டும். கரையோரப் பிள்ளைகளையே தேர்ந்து ஆசிரியராக்க வேண்டும் என்பது என் வாதம். பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு 5 சதவீத இடம் தனியாக உண்டு, அதில் புத்தளமும் ஒன்று. பல்கலைக்கழக வாசலில் ஒப்புக்கொண்ட பின்தங்கலை ஆசிரியர் ஆட்சேர்ப்பிலும் ஒப்புக்கொண்டால் என்ன? சாதாரண தரம் வரை கற்பிக்கத் தேசிய கல்வியியற் கல்லூரியில் இந்தக் கரைக்கென விஞ்ஞான இடங்கள். உயர்தரத்துக்கு, ஊர் திரும்பும் உடன்பாட்டோடு விஞ்ஞானப் பட்டதாரிகளுக்கு உதவிப்பணம். கல்லூரியின் மூன்றாம் ஆண்டான கட்டுறுபயிலலை இங்கேயே வைத்தால் உப்பளமும் களப்பும் நுரைச்சோலை அனல்மின் நிலையமும் பாட உபகரணம் ஆகிவிடும்.

தரம் குறையும் என்பார்கள். வெட்டுப்புள்ளி சற்று இறங்கலாம்தான், ஆனால் அதை ஒப்பிட வேண்டியது சிறந்த ஆசிரியரோடு அல்ல, காலியான கதிரையோடு, அல்லது விஞ்ஞானப் பாடவேளையை ஒப்பேற்றும் கலைப் பட்டதாரியோடு. கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவைக் கூட்டினால் போதும் என்பதும் சரியாகத் தோன்றவில்லை. பணம் பஸ் செலவைத் தரும். துணைக்கு வேலையும் பெற்றோருக்குப் பக்கத்துணையும் தராது. எனக்கே உறுத்தும் எதிர்வாதம் வேறு: ஊர்க்காரருக்கே நியமனம் என்றால் அது அரசியல்வாதியின் பட்டியலாகிவிடும். தொண்டர் ஆசிரியர் நியமனங்களின் கதை தெரிந்தவர்கள் இதை லேசாகத் தள்ள மாட்டார்கள். அதனால்தான் பரீட்சையும் பாடத்தகுதியும் தளரவே கூடாது, பாடசாலை வாரியான வெற்றிடப் பட்டியல் வலயக் கல்விப் பணிமனையில் எல்லோரும் பார்க்கத் தொங்க வேண்டும்.

இன்று பத்தாம் தரத்தில் இருக்கும் பிள்ளை கல்லூரி முடித்து வகுப்பறைக்கு வர ஏழெட்டு ஆண்டாகும். அதுவரை பக்கத்துப் பக்கத்துப் பாடசாலைகள் ஓர் ஆசிரியரைப் பகிர்ந்துகொண்டு, ஆய்வுகூடம் உள்ள பாடசாலையில் சனிக்கிழமை செய்முறை வகுப்பு வைக்கலாம். ஆசிரியரின் பயணச் செலவையும் மேலதிக நேரத்தையும் யார் கொடுப்பது என்பதை மட்டும் மாகாணக் கல்வித் திணைக்களம் முதலிலேயே எழுத்தில் தரவேண்டும்.