குழி காயக் கூடாது

மாணவர்களே, முழங்காலில் சிராய்ப்பு ஏற்பட்டால் இரண்டு நாள் கழித்து வீட்டில் என்ன கேட்பார்கள்? ‘புண் காய்ந்துவிட்டதா?’ என்றுதான். காய்ந்தால் நல்லது. ஆனால் ஞானப்பல்லை எடுத்த குழியின் கதை நேர்மாறானது. அது காய்ந்துபோனால் வலி காது வரை ஏறும். இரவில் தூங்க முடியாது.

ஞானப்பல் என்பது தாடையின் கடைக்கோடியில் கடைசியாக முளைக்கும் கடைவாய்ப்பல். பொதுவாக 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் வரும். தமிழில் அதற்கு ஞானம் என்று பெயர் வைத்தோம். மலாய்க்காரர்கள் ‘கீகி போங்சு’, அதாவது கடைக்குட்டிப் பல் என்கிறார்கள். எனக்கென்னவோ மலாய்ப் பெயர்தான் பொருத்தமாகப் படுகிறது. எல்லாரும் உட்கார்ந்த பிறகு கடைசியாக வருகிற பிள்ளைக்கு இடமில்லை. அது சாய்ந்து பக்கத்துப் பல்லை முட்டும்; பாதி வெளிவந்து நின்றால் ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் உணவு சிக்கி வீங்கும். எல்லாருக்கும் எடுக்க வேண்டியதில்லை. எடுக்க வேண்டியவர்களில் சிலர் ஐந்தாம், ஆறாம் படிவ மாணவர்கள். எனவே இது உங்கள் பாடம்தான்.

எடுத்த பிறகு பல் கிளினிக்கில் ஒரு தாள் தருவார்கள். துப்பாதே, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சாதே, இன்று வாய் கொப்பளிக்காதே, சூடாகக் குடிக்காதே என்று நீளும். “பல்லைத்தான் எடுத்தாச்சே டீச்சர், இன்னும் என்ன பத்தியம்?” என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. அந்தத் தாளில் உள்ள பெரும்பாலான கட்டளைகளுக்கு ஒரே காரணம்தான்: ஒரு சின்ன இரத்தக்கட்டி.

படிவம் 4 உயிரியலில் இரத்தம் உறையும் விதத்தைப் படித்திருப்பீர்கள். பல் வெளியே வந்ததும் தாடை எலும்பில் உள்ள குழி இரத்தத்தால் நிரம்புகிறது. இரத்தத் தட்டுகள் ஓடிவந்து ஒட்டிக்கொள்கின்றன. திராம்பின் என்ற நொதி, கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. அந்த வலையில் சிவப்பணுக்கள் சிக்கி, ஜெல்லி போன்ற கட்டி உருவாகிறது. தோலில் என்றால் அது காய்ந்து பொருக்காகிவிடும். வாயிலோ எப்போதும் உமிழ்நீர். கட்டி மென்மையாகவே இருக்கும், எளிதில் பெயர்ந்துவிடும். அதற்கு அடியில் இருப்பது வெறும் எலும்பும் நரம்பு முனைகளும். அவற்றுக்கு இப்போதைக்கு அந்த ஜெல்லிதான் கூரை. அதுவே சாரமும்கூட. புதிய இரத்த நுண்குழாய்களும் உயிரணுக்களும் அதைப் பிடித்துக்கொண்டுதான் குழிக்குள் வளர்கின்றன.

இனி அந்தத் தாளைப் படித்துப் பாருங்கள். பஞ்சுத் துணியை அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை அழுத்திக் கடிக்கச் சொல்வார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துக் கண்ணாடியில் பார்த்தால், துணியோடு கட்டியின் மேற்பரப்பும் பிய்ந்து வரும். பிறகு உமிழ்நீர் சிவப்பாக இருக்கிறதே என்று பயப்படுவீர்கள். ஒரு குவளைத் தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு ரோஸ் சிரப் விட்டுப் பாருங்கள், முழுக் குவளையும் இளஞ்சிவப்பாகும். முதல் நாள் வாயில் நடப்பதும் அதுதான். துப்புவதற்குப் பதில், தலையைக் குனிந்து தானாக வழிய விடுங்கள்.

எங்கள் டெங்கிலில் எந்த ஒட்டுக்கடைக்குப் போனாலும் மைலோ ஐஸை பிளாஸ்டிக் பையில் கட்டி, ஸ்ட்ரா செருகித்தான் கொடுப்பார்கள். ஸ்ட்ராவில் பானம் எப்படி ஏறுகிறது? நீங்கள் உறிஞ்சும்போது வாய்க்குள் அழுத்தம் குறைகிறது. வெளியே உள்ள வளிமண்டல அழுத்தம் பானத்தை மேலே தள்ளுகிறது. அழுத்தம் குறைந்த அந்த வாய்க்குள்தான் நம் ஜெல்லியும் இருக்கிறது. அது இடம் பெயரலாம் என்பதால்தான் மருத்துவர்கள் ஸ்ட்ரா வேண்டாம் என்கிறார்கள். மைலோவைக் குவளையில் ஊற்றிக் குடியுங்கள். சிகரெட்டும் வேப்பும் இன்னும் மோசம். உறிஞ்சுவது ஒரு பக்கம் இருக்க, நிகோடின் இரத்தக்குழாய்களைச் சுருக்கிக் குழிக்கு வரும் இரத்தத்தையும் குறைத்துவிடும். எனக்குத் தெரியாது என்று நினைத்துக் கடைசி வரிசையில் சிரிப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வீட்டில் பாட்டி உப்புத் தண்ணீரோடு காத்திருப்பார். அவர் சொல்வது சரிதான், ஒரு நாள் பொறுத்தால்! முதல் 24 மணி நேரம் கொப்பளித்தால் கட்டி கழுவப்பட்டுவிடும். மறுநாள் முதல், ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, சாப்பிட்ட பின் வாயில் வைத்து, தலையை மெதுவாகச் சாய்த்து வழிய விடலாம். கடகடவென்று கொப்பளிக்க வேண்டாம்.

கட்டி போய்விட்டால் வருவதற்கு ‘உலர்குழி’ என்று பெயர். 1896இல் கிராஃபோர்டு என்பவர் ஆங்கிலத்தில் வைத்த பெயரின் தமிழ் இது. கட்டி பெயர்ந்து விழுந்துதான் இது வர வேண்டும் என்பதில்லை. நம் உடலிலேயே ஃபைப்ரினைக் கரைக்கும் பிளாஸ்மின் என்ற நொதி உண்டு. காயம் பெரிதாக இருந்தாலோ கிருமிகள் புகுந்தாலோ அது அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு, கட்டியை முன்கூட்டியே கரைத்துவிடும். எனவே எல்லாம் சரியாகச் செய்தவருக்கும் உலர்குழி வரலாம், அவரைத் திட்டாதீர்கள். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில்தான் இது அதிகம்.

எப்படித் தெரிந்துகொள்வது? நாள்காட்டியைப் பாருங்கள். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும், அது இயல்பு. ஆனால் வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்துவந்த வலி இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் திடீரென்று ஏறினால், வாயில் கெட்ட வாடை அடித்தால், மருத்துவரிடம் திரும்பிப் போங்கள். குழியின் மேல் வெள்ளைப் படலம் தெரிவது மட்டும் ஆபத்தல்ல. பெரும்பாலும் அது ஃபைப்ரின்தான். அதை உணவென்று நினைத்துப் பல்குச்சியால் குடையாதீர்கள். மருத்துவர் குழியைக் கழுவி, மருந்திட்ட துணியை வைப்பார். அதில் பல நேரம் கிராம்பு வாசனை வரும். கிராம்பில் உள்ள யூஜெனால்தான் அது. அதற்காக வீட்டுக் கிராம்பை இடித்துக் குழிக்குள் அடைக்கக் கூடாது, துகள் சிக்கிக்கொள்ளும்.

வலிக்கு மருத்துவர் தந்த மாத்திரையை, தந்த அளவில் மட்டும் சாப்பிடுங்கள். தாத்தாவின் ஆஸ்பிரினை எடுக்காதீர்கள். ஆஸ்பிரின் பட்ட இரத்தத் தட்டு தன் ஆயுள் முழுதும், அதாவது சுமார் 7 முதல் 10 நாள் வரை, சரியாக வேலை செய்யாது. அண்மையில் டிங்கி காய்ச்சல் வந்திருந்தால் பல் எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அந்த நோய் இரத்தத் தட்டுகளின் எண்ணிக்கையையே குறைத்துவிடும்.

சாப்பாட்டுக்கு ஆறிய கஞ்சி, தயிர், மசித்த உருளைக்கிழங்கு, அவித்த முட்டை போதும். மரப்பு போகும் வரை எதையும் மெல்ல வேண்டாம். உங்கள் உதட்டை நீங்களே கடித்திருப்பீர்கள், வலியே தெரியாது. முதல் நாள் கன்னத்தின் மேல் துணியில் சுற்றிய ஐஸை 15, 20 நிமிடம் வைத்து எடுத்து, இடைவெளி விட்டு மீண்டும் வைக்கலாம். சில நாளைக்குப் பந்து விளையாட்டு வேண்டாம். மற்ற பற்களை அன்றிரவே மெதுவாகத் துலக்கலாம்.

துணியைக் கடித்து அழுத்தியும் இரத்தம் நிற்கவில்லை, காய்ச்சல் அடிக்கிறது, அல்லது கீழுதடு மறுநாளும் மரத்தே இருக்கிறது என்றால் பல் கிளினிக்கை அழையுங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் காலை வரை காத்திருக்காமல், செர்டாங் அல்லது புத்ராஜெயா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.