ஸ்பைடர்மேனின் வாடகைப் பாக்கி

உலகைக் காக்கும் வீரனுக்கு யார் சம்பளம் தருவது? நம் பிள்ளைகள் ஆவலோடு பார்க்கும் சாகச வீரர் கதைகளில் பெரியவர்களாகிய நாம் கேட்க மறந்துவிடும் கேள்வி இது. பேட்மேனுக்குக் கவலையில்லை, பரம்பரைச் சொத்து இருக்கிறது. சூப்பர்மேன், கிளார்க் கென்ட் என்ற பெயரில் நாளிதழ் நிருபராக வேலை பார்க்கிறார். எங்கே ஆபத்து என்ற செய்தி முதலில் வந்து சேரும் இடமல்லவா அது!

ஆனால் 1962-ல் ஸ்டான் லீ, ஸ்டீவ் டிட்கோ இருவரும் படைத்த ஸ்பைடர்மேனின் நிலை வேறு. பீட்டர் பார்க்கர் என்ற அந்த மாணவன், நியூயார்க்கில் பெரியப்பா பென், பெரியம்மா மே இருவரிடமும் வளர்ந்தவன். தான் பிடிக்காமல் போகவிட்ட ஒரு திருடனே பெரியப்பாவைக் கொன்றான் என்ற குற்ற உணர்வு அவனைப் பிறருக்கு உதவும் வீரனாக்குகிறது. அதே மரணம் வீட்டின் வருமானத்தையும் நிறுத்திவிடுகிறது.

1963-ல் வந்த அவனது தனி இதழின் முதல் கதையிலேயே வாடகைப் பிரச்சினை வந்துவிடுகிறது. ஸ்பைடர்மேனாக மேடையேறிச் சம்பாதிக்கிறான். கையில் கிடைப்பதோ காசோலை! 'ஸ்பைடர்மேன்' என்ற பெயருக்கு அடையாளச் சான்று எங்கே என்று வங்கியில் கேட்கிறார்கள். உடையை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பது அவர்கள் வாதம். நியாயம்தானே? சம்பளம் கிடைக்கும் என்று நம்பி 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' குழுவில் சேரப் போகிறான். அவர்களோ, நாங்கள் யாருக்கும் சம்பளம் தருவதில்லை என்கிறார்கள். கடைசியில், தன் சண்டைகளைத் தானே படம் பிடித்து, தன்னைத் திட்டி எழுதும் பத்திரிகை அதிபர் ஜேமிசனிடமே விற்கிறான். இது முழு நேர்மையா என்பதில் நமக்கு ஐயம் உண்டு. வாங்குகிறவருக்குத் தெரியாமல் மறைக்கப்படுவது சிறிய விஷயமல்ல.

2004-ல் சாம் ரைமி இயக்கிய 'ஸ்பைடர்மேன் 2' படம் இந்த நெருக்கடியை மிக அருமையாகக் காட்டுகிறது. பீட்சா கொண்டு செல்லும் வழியில், லாரியில் அடிபட இருந்த இரண்டு சிறுவர்களைக் காப்பாற்றுகிறான். அதனால் தாமதமாகிறது, வேலை போகிறது. கல்லூரிக்குத் தாமதம். தோழியின் நாடகத்திற்குத் தாமதம். வாடகை எங்கே என்று வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார். அவனது பிறந்தநாளன்று, வீடே கடனில் மூழ்கும் நிலையில் இருக்கும் பெரியம்மா, கண்ணீரோடு 20 டாலரை அவன் கையில் திணிக்கிறார்.

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். வீரனின் தியாகத்திற்கு உண்மையில் விலை கொடுப்பவர் யார்? அவன் தன் நேரத்தைக் கொடுக்கிறான், சரி. ஆனால் எதற்காகக் கொடுக்கிறோம் என்றே தெரியாமல் கொடுப்பவர் பெரியம்மா. அவரைக் காப்பாற்றவே இரகசியம் காக்கிறான். அந்த இரகசியமோ, சம்மதிக்கவோ மறுக்கவோ அவருக்கு இருக்கும் உரிமையைப் பறித்துவிடுகிறது.

கத்தோலிக்கரான டேர்டெவில் கதையிலும் இதே நிலைதான். 2015-ல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் அவர் பாவசங்கீர்த்தனத்தில்தான் நமக்கு அறிமுகமாகிறார். பகலில் அவர் மாட் மர்டாக் என்ற பார்வையற்ற வழக்கறிஞர். ஏழைக் கட்சிக்காரர்கள் பணத்திற்குப் பதில் பழங்களும் பலகாரங்களும் கொண்டுவரும் அலுவலகம் அது. இரவுச் சண்டைகளால் அவர் நீதிமன்றத்திற்கு வராதபோது, பெரிய வழக்கொன்றின் சுமை முழுவதும் நண்பர் ஃபாகி நெல்சன் தலையில் விழுகிறது. 2016-ல் வந்த இரண்டாம் பகுதியின் முடிவில் அந்த அலுவலகமே மூடப்படுகிறது.

பீட்டர் அதே 2004 படத்தில் ஓரளவு வாய் திறக்கிறான். முகமூடியைப் பற்றி அல்ல, பெரியப்பாவின் மரணத்தில் தன் பங்கைப் பற்றி. மே அவன் கையிலிருந்து தன் கையை மெல்ல எடுத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து மாடிக்குப் போய்விடுகிறார். பின்னொரு நாள் அவன் வரும்போது, உண்மையைச் சொன்ன துணிவுக்காக அவனைப் பாராட்டி அணைத்துக்கொள்கிறார். வீட்டுக் கடன் மட்டும் தீரவில்லை. அன்று அவர் அந்த வீட்டைக் காலி செய்ய, சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.