கட்டத்திலிருந்து குழாய்க்கு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தொலைவிலிருந்தாவது பார்த்திருப்பீர்கள். எங்கு நோக்கினும் குழாய்கள்! ஒரு பெரிய ஆலையில் ஆயிரக்கணக்கான குழாய்வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பெயருக்குப் பின்னால் அளவு, உள்ளே ஓடும் பொருள், வெப்பநிலை, அழுத்தம், மேலே சுற்றும் காப்புறையின் தடிமன் என ஒரு ஜாதகமே இருக்கிறது. இந்த ஜாதகத்தைப் பொறியாளர்கள் எழுதி வைப்பது பெரும்பாலும் எக்செல் அட்டவணையில். ஆலையின் முப்பரிமாண உருவத்தை வரைவதோ வேறொரு மென்பொருளில். முன்னதிலிருந்து பின்னதற்கு விவரங்கள் எப்படிப் போய்ச் சேருகின்றன, வழியில் அவற்றுக்கு என்ன நேர்கிறது என்பதே இக்கட்டுரை. சென்னையில் குழாய் வடிவமைப்பாளராக இருக்கும் எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் கோடை விடுமுறையில் எனக்கு இதைக் கற்றுத் தந்தார்.

அவர் பயன்படுத்துவது பி.டி.எம்.எஸ். என்னும் மென்பொருள். 1970களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உருவானது. பின்னர் அவீவா நிறுவனத்தின் பெயரில் உலகெங்கும் பரவியது. இதில் குழாய் என்பது வெறும் படம் அன்று. ஆலை, பகுதி, குழாய், கிளை என ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்ட தரவு. ஒவ்வோர் உறுப்புக்கும் ‘பண்புகள்’ உண்டு. ‘டெம்ப்’ என்ற பண்பில் வெப்பநிலை, ‘பிரெஸ்’ என்ற பண்பில் அழுத்தம். குழாயின் பெயரைச் சொல்லி, ‘டெம்ப் 150’ என்று கட்டளையிட்டால் அந்தக் குழாய்க்கு 150 பதிவாகிவிடும்.

340 குழாய்களுக்கு இப்படிக் கையால் அடிப்பது யாரால் ஆகும்? இங்கேதான் எக்செல் கைகொடுக்கிறது. பெயர் ஒரு கட்டத்தில், வெப்பநிலை அடுத்த கட்டத்தில். இரண்டையும் & என்ற குறியால் ஒட்ட வைத்து ஒரு சூத்திரம் எழுதினால் மூன்றாவது கட்டத்தில் முழுக் கட்டளையே வந்து நிற்கும். அந்தச் சூத்திரத்தைக் கீழே இழுத்தால் 340 கட்டளைகள்! அவற்றை ஒரு கோப்பாகச் சேமித்து மென்பொருளில் ஓடவிட வேண்டியதுதான். அட்டவணை கட்டளையாக மாறுவதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது.

ஆனால் எக்செலுக்கு ஒரு பித்து உண்டு. எதைக் கண்டாலும் தேதி என்று நினைக்கும். அரை அங்குலக் குழாய் என்பதற்காக 1/2 என்று அடித்தால், நம் நாட்டு அமைப்பில் அது பிப்ரவரி 1 ஆகிவிடும். எக்செல் தேதிகளை 1900 முதல் நாட்களை எண்ணிச் சேமிப்பதால், 2024ஆம் ஆண்டில் அடித்திருந்தால் & குறி ஒட்டித் தருவது 45323 என்ற எண்ணை! (இதே பித்தினால்தான் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவினர் ‘மார்ச்1’, ‘செப்ட்1’ போன்ற பெயர்களையே மாற்றிவிட்டார்கள் என்று 2020இல் செய்தி வந்தது.) அளவை மில்லிமீட்டர் முறையில் 15 என்று எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. அந்தக் குழாயின் வெளிவிட்டம் 15 மி.மீ.யும் அன்று, அரை அங்குலமும் அன்று, 21.3 மி.மீ. என்பது வேறு வேடிக்கை.

என்னைக் கேட்டால் 45323 நல்ல பிழை என்பேன். பார்த்த உடனே சிரிப்பு வரும். அப்படி ஒரு குழாய் உலகில் இல்லை. நம்பும்படியாக வந்து உட்காரும் பிழையே கொடியது. ஃபாரன்ஹீட்டில் எழுதிய 300ஐச் செல்சியஸ் என்று ஏற்றிவிட்டால் யார் கண்டுபிடிப்பார்? சரியான எண் 149. பெயரில் ஒரு எழுத்து தவறினாலும் அப்படித்தான். அந்தப் பெயரில் குழாய் இல்லை என்று மென்பொருள் சொல்லிவிட்டு முந்தைய குழாயிலேயே நிற்கும். அதைக் கவனியாமல் ஓடவிட்டால் அடுத்த வரியில் உள்ள வெப்பநிலை அந்த முந்தைய குழாயின் தலையில் ஏறும்.

எல்லாவற்றிலும் மோசமானது வெற்றுக் கட்டம். வெப்பநிலை இன்னும் முடிவாகவில்லை என்று ஒருவர் கட்டத்தைக் காலியாக விடுகிறார். வேறொரு தாளிலிருந்து சூத்திரம் அதை எடுத்து வரும்போது எக்செல் 0 என்று காட்டும். ‘தெரியாது’ என்பது ‘பூஜ்யம் டிகிரி’ ஆகிவிட்டது! பி.டி.எம்.எஸ்.ஸை வடிவமைத்தவர்கள் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அதில் நிரப்பப்படாத வெப்பநிலை −100000 டிகிரி என்று இருக்கும். தனிச்சுழி வெப்பநிலையே −273.15 டிகிரிதான் என்பதை நம் வகுப்பில் படித்திருக்கிறோம். இயற்கையில் இருக்கவே முடியாத எண்ணை வேண்டுமென்றே வைத்தால்தான், இது நிரப்பப்படவில்லை என்று கண்ணில் குத்தும்.

பூஜ்யத்தால் என்ன கெட்டுவிடும்? எஃகு, மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.012 மி.மீ. நீளும். 50 மீட்டர் குழாய் 200 டிகிரி சூடேறினால் 120 மி.மீ., அதாவது ஏறக்குறைய அரைச் சாண் அளவு. அந்த நீட்சிக்கு இடம்கொடுக்கக் குழாயை வளைத்து விடுவார்கள். 0 டிகிரி என்று நம்பியவர் வளைவு வைக்கமாட்டார். நீளும் குழாய் தாங்கியையும் இணைப்பையும் தள்ளும்.

என் தந்தையார் ஒப்பந்த முறையில் குழாய் ஒட்டும் வெல்டர். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்கு வந்தவன் நான். அவர் கைக்கு வரும் ‘ஐசோ’ தாள் இந்தப் பண்புகளிலிருந்து அச்சாவதுதான் என்று சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ஓர் ஆலையில் தாளில் எண் மாறியிருந்ததால் ஒட்டிய இணைப்புகளை எல்லாம் வெட்டியெடுத்து மறுபடி ஒட்டச் சொன்னதைக் கூறினார். கூலி இஞ்ச்-டயா கணக்கு. இரண்டு முறை ஒட்டியதற்கு ஒரு கூலிதான் கிடைத்ததாம்.

அண்ணன் செய்யும் முறை இது. கட்டம் காலியாக இருந்தால் கட்டளையே எழுதாதபடி சூத்திரத்தில் நிபந்தனை வைப்பார். ஏற்றி முடித்ததும் மென்பொருளிலிருந்து வெப்பநிலைகளை மறுபடி எக்செலுக்குக் கொண்டுவந்து, பழைய பத்தியிலிருந்து கழிப்பார். மதிப்புள்ள வரிகளில் விடை முழுவதும் 0 வர வேண்டும். நான் பார்த்த அன்று 312 வரிகளில் 0 வந்தது. மீதி 28 குழாய்கள் −100000 என்றே நின்றன. அந்தப் பெயர்களைத் தனித் தாளில் எழுதி, வெப்பநிலை தரவேண்டிய பிரிவுக்கு அனுப்பினார். மூன்று நாட்களில் 25க்குப் பதில் வந்தது. மற்ற மூன்றும் நான் ஊருக்குப் பஸ் ஏறும்வரை −100000 தான்.