கெல்டிக் இசை விழா: தேடுவதும் தேர்வதும்

அயர்லாந்து, ஸ்காட்லாந்து, பிரான்சின் பிரிட்டனி, கனடாவின் கேப் பிரெட்டன் தீவு என்று எங்கே போனாலும் ‘கெல்டிக் விழா’ ஒன்று நடக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் கேட்கக் கிடைக்கும் இசை ஊருக்கு ஊர் மாறும். அதனால் விழாக்களைத் தேடத் தொடங்கும் முன்பே என்ன கேட்க வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பேர்பெற்ற கலைஞர்களின் மேடைக் கச்சேரியா, தெருவை அதிரவைக்கும் பேக்பைப் அணிவகுப்பா, பப் மூலையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிக்கும் செஷனா?

என் ஓட்டு செஷனுக்குத்தான். அங்கே மேடையும் கிடையாது, மைக்கும் கிடையாது. ஃபிடில், புல்லாங்குழல், டின் விசில், கான்செர்ட்டினா என்று கையில் இருப்பதை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஒருவர் ரீல் என்னும் நடன மெட்டு ஒன்றைத் தொடங்குவார். அந்த மெட்டு தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அது அடங்குமுன் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். எண்பது வயதுக்காரரும் பள்ளிச் சிறுமியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வாசிப்பதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். இந்த இசை வளர்ந்ததே இப்படித்தான்.

அடுத்தது தேடல். பெரிய விழாக்கள் தாமாகவே கண்ணில் படும். உள்ளூர் விழாக்களைத்தான் விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அயர்லாந்தில் அதற்கு நல்ல வழி, கோல்டஸ் என்று சுருக்கி அழைக்கப்படும் மரபிசை அமைப்பின் கிளைகள். 1951இல் மல்லிங்கர் ஊரில் தொடங்கிய ஃப்ளா என்னும் தேசிய விழாவை நடத்துவது இந்த அமைப்புதான். ஆகஸ்டில் அந்த விழாவில் நடக்கும் தேசியப் போட்டிக்கு முன்பாக மாவட்ட அளவிலும் மாகாண அளவிலும் தகுதிச் சுற்றுகள் உண்டு. அவையே சிறு விழாக்கள். கூட்டம் குறைவு, இசைக்குக் குறைவில்லை. பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் கோல்டஸுக்குக் கிளைகள் இருப்பதால், லண்டனிலோ டொராண்டோவிலோ வசிக்கும் நம்மவர்களும் அங்கே விசாரிக்கலாம். ஸ்காட்லாந்து என்றால் ஃபேஷ் என்று தேடுங்கள். கேலிக் இசையைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர 1981இல் பாரா தீவில் தொடங்கி, பல ஊர்களுக்குப் பரவிய விழா அது.

ஊர்கள் நாலைந்து சேர்ந்ததும் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் படியுங்கள். மார்கழி சீசனில் எந்தச் சபாவில் எந்த வேளைக் கச்சேரி என்று குறித்துவைப்பவருக்கு இது பழகிய வேலைதான். தலைப்பில் கெல்டிக் என்று இருந்தாலும் உள்ளே பளு எறிதலும் கடைத்தெருவுமே நிறைந்திருக்கலாம். பகல் நேரத்தில் என்ன நடக்கிறது, வகுப்புகள் உண்டா, இலவச அரங்குகள் எத்தனை, உள்ளூர்க் கலைஞர்களுக்கு எவ்வளவு இடம் என்பவற்றைப் பார்த்தாலே விழாவின் குணம் பிடிபட்டுவிடும்.

பிறகு ஒப்பீடு. கிளாஸ்கோவில் 1994 முதல் நடக்கும் கெல்டிக் கனெக்‌ஷன்ஸ் ஜனவரிக் குளிரில் வருவது. கச்சேரிகள் பெரும்பாலும் அரங்குக்குள்ளேயே நடப்பதால் மழையும் பனியும் தடையில்லை. ஆனால் கச்சேரிக்குக் கச்சேரி தனி டிக்கெட், அது கூடிக்கொண்டே போகும். பிரிட்டனியின் லோரியான் விழா 1971இல் பிறந்தது. ஆகஸ்டில் பத்து நாள். பேக்பைப், பொம்பார்டு என்னும் ஊதுகுழல், முரசு சேர்ந்த பகாத் குழுக்களையும் பேரணியையும் பார்க்க அதற்கு இணையில்லை. ஆனால் கூட்டம் அலைமோதும். கேப் பிரெட்டனின் கெல்டிக் கலர்ஸ் 1997 முதல் அக்டோபரில், இலைகள் சிவக்கும் பருவத்தில், ஒன்பது நாள் நடக்கிறது. ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் மலைப்பகுதியிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஃபிடில் பாணியைப் பியானோ துணையுடன் ஊர் மண்டபங்களில் கேட்கலாம். தீவு முழுக்க அரங்குகள் சிதறிக் கிடப்பதால் கார் இல்லாமல் சமாளிப்பது கடினம். வாடகையையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதன்முதலாகப் போகிறவருக்கு நான் சொல்வது அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்திலுள்ள மில்டவுன் மால்பே. பைப் கலைஞர் வில்லி கிளான்சி மறைந்த 1973இலேயே அவர் பெயரில் தொடங்கிய கோடைப் பள்ளி, ஆண்டுதோறும் ஜூலையில் அங்கே நடக்கிறது. காலையில் வகுப்புகள், மாலையில் கச்சேரியும் ‘கேலி’ எனப்படும் கூட்டு நடனமும், ஊர் முழுக்க செஷன்கள். வாசிக்கத் தெரியாதவரும் போகலாம். செஷன்களுக்குக் கட்டணம் கிடையாது. ஒரு தேநீரோ குளிர்பானமோ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். வாசிப்பவர்களுக்கான நாற்காலியில் மட்டும் உட்காராதீர்கள். பதிவு செய்வதானால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மெட்டு ஓடும்போது உரக்கப் பேச வேண்டாம்.

மில்டவுன் மால்பே மிகச் சிறிய ஊர்; அந்த வாரத்தில் அறைக்குத் தட்டுப்பாடு. டிக்கெட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், தங்கும் இடத்தை முதலில் உறுதி செய்யுங்கள். ஊருக்குள் கிடைக்காவிட்டால் பக்கத்து ஊர்களில் விசாரியுங்கள். செஷன்கள் நள்ளிரவைத் தாண்டியும் போகும் என்பதால், திரும்பி வர வண்டிக்கும் முன்னதாகவே சொல்லிவைத்துவிடுங்கள்.