பகுதிநேர விமானப் பயிற்றுநர்: வரவும் செலவும்

மொன்றியலில் ஐம்பதைக் கடந்த எம்மவர் சிறிய விமானம் ஓட்டப் பழகி, வார இறுதிகளில் பிறருக்கும் சொல்லிக்கொடுக்கலாமா? ஆம். விமானி அனுமதிக்குக் கனடாவில் மேல் வயதெல்லை இல்லை. ஆனால் எந்தப் பாதையில் போகிறோம் என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும்.

அமெரிக்காவில் 2004 முதல் 'லைட் ஸ்போர்ட்' விமானங்களுக்கென்று தனி விமானி அனுமதியும் பயிற்றுநர் தகுதியும் உண்டு. கனடாவில் அதற்குக் கிட்டியது 'அல்ட்ராலைட்' அனுமதி. 16 வயது, குறைந்தது 10 மணித்தியாலப் பறப்பு, எழுத்துப் பரீட்சை, மருத்துவத் தகைமை ஆகியவை அதற்குத் தேவை. மேலும் அனுபவமும் பயிற்சியும் பெற்றால் அல்ட்ராலைட் பயிற்றுநர் ஆகலாம். ஆனால் அந்த வகை விமானத்தில் மட்டுமே கற்பிக்கலாம்.

செஸ்னா போன்ற வழமையான விமானத்தில் கற்பிக்கும் பாதை நீண்டது. தனியார் விமானி அனுமதிக்குக் குறைந்தது 45 மணித்தியாலம், வணிக விமானிக்கு மொத்தம் 200 மணித்தியாலம். அதன்மேல் நாலாம் வகுப்புப் பயிற்றுநர் தகுதிக்கு 30 மணித்தியாலப் பறப்புப் பயிற்சியும் 25 மணித்தியால வகுப்பும். அதன் பின்னரும் முதலாம் அல்லது இரண்டாம் வகுப்புப் பயிற்றுநர் ஒருவரின் மேற்பார்வையில்தான் கற்பிக்கலாம்.

வணிகவியல் படித்தவர்கள் இதை முதலீடு என்று எழுதமாட்டோம். பறந்த மணித்தியாலத்துக்குத்தான் சம்பளம் என்றால், பனிப்புயலும் தாழ்ந்த முகிலும் வரும் நாட்களில் வரவு பூச்சியம். மனநிறைவுக்கான செலவு என்று எழுதினால் கணக்குச் சரிவரும்.

கியூபெக்கில் எமக்கொரு வசதியும் உண்டு. மொழித் தகுதியை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ காட்டலாம். இது இலேசாக வந்ததல்ல. விமான வானொலியில் பிரெஞ்சு பேசலாமா என்ற தகராறில் 1976 யூனில் விமானிகள் பறக்க மறுத்தார்கள். 1979இல்தான் விசாரணைக் குழு இரு மொழியும் பாதுகாப்பானவையே என்றது. பிரெஞ்சில் படிக்கும் எமது பிள்ளைகளுக்கு அந்தக் கதவு இன்று திறந்திருக்கிறது.

எமது தலைமுறைக்கு விமானச் சத்தம் என்றால் பதுங்குகுழி. சென் ஹூபேர் விமான நிலையத்துக்கு மேலே வட்டமிடும் பயிற்சி விமானத்தை எமது பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கிறார்கள், ஓடி ஒளிவதில்லை. எம்மில் ஒருவர் அவர்களுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்தால், அதன் பெறுமதி எந்த ஐந்தொகையிலும் அடங்காது.

விருப்பமுள்ளவர்கள் பாடநெறிக்குக் காசு கட்டுமுன் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள எமது வயதில், அதுவே முதற் படி.