உங்கள் வீட்டில் பாதி உங்களுக்குத் தெரியுமா?

உங்கள் வீட்டில் உளுத்தம்பருப்பு எந்த டப்பாவில் இருக்கிறது? சட்டென்று சொல்லுங்கள், பார்க்கலாம். யோசிக்கக் கூடாது. சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுக்கவும் கூடாது.

இந்தக் கேள்வி ஆண்பிள்ளைகளுக்கு. பெண்மணிகள் சிரிக்க வேண்டாம். உங்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். வீட்டு வரி ரசீது எந்தப் பெட்டியில் இருக்கிறது? மழை பிடித்துக் கொண்டால் மாடிக் குழாயில் எந்த மூடியைத் திறக்க வேண்டும், எதை அடைக்க வேண்டும்?

இரண்டு கேள்விக்கும் இருவருமே பதில் சொல்லிவிட்டால், இந்தக் கட்டுரை உங்களுக்கு வேண்டியதில்லை. பேஷாகப் பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போங்கள். மற்றவர்கள் கொஞ்சம் என்னோடு வண்டலூர் வரைக்கும் வாருங்கள்.

வண்டலூர் என்றதும் உங்களுக்கு மிருகக்காட்சிச்சாலைதான் ஞாபகத்துக்கு வரும். 1855-ல் எழும்பூர் மியூசியத் தோட்டத்தில் பிறந்து, பிறகு மூர் மார்க்கெட் பக்கத்தில் நெடுங்காலம் குடியிருந்து, 1985-ல் எங்கள் ஊருக்குக் குடிவந்தது அது. நாங்களும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் இங்கே வந்தோம். "மனிதர்கள் இருக்கிற இடமாகப் பார்த்து மனை வாங்கக் கூடாதா?" என்று என் மைத்துனர் அப்போது கேட்டார். இன்று கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் முடிவில் பஸ் நிலையம் திறந்த பிறகு, தென் ஜில்லாக்களுக்குப் போகிற அத்தனை ஜனங்களும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள். விடியற்காலையில் மட்டும், ஜி.எஸ்.டி. ரோடு சற்று மூச்சு விடுகிற அந்த அரை மணி நேரத்தில், சிங்கம் கர்ஜிப்பது கேட்கும். என் மனைவிக்கு அதுதான் அலாரம். செவ்வாய்க்கிழமை மிருகக்காட்சிச்சாலைக்கு விடுமுறை. சிங்கத்துக்கு மட்டும் விடுமுறை கிடையாது.

பிள்ளை வெளிநாட்டில், பெண் பெங்களூரில். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஒரு கிணறு, ஒரு தென்னை, சுற்றிலும் கொஞ்சம் மண். மண் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒன்றரை அடி தோண்டினால் கடப்பாரை 'ணங்' என்று பாறையில் மோதும். சாதாரணப் பாறை என்று நினைத்து விடாதீர்கள். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கிடைக்கிற இந்தக் கருங்கல்லுக்கு, ஹாலண்டு என்ற புவியியல் அறிஞர் 1893-ல் 'சார்னோக்கைட்' என்று நாமகரணம் செய்தார். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக் துரையின் கல்லறைக் கல் இந்த ஜாதியாம். உலகத்துப் பாடப் புத்தகங்களில் எல்லாம் இடம் பெற்ற கல். ஆனால் அதில் கத்தரிக்காய் காய்க்காதே! ஏரி வண்டலும் தொழு உரமும் வண்டி வண்டியாகக் கொட்டித்தான் எங்கள் தோட்டம் தோட்டமாயிற்று.

அதிலும் எங்களுக்குள் எல்லை வகுத்திருந்தோம். வாசல் பக்கம் அவளுடையது: நந்தியாவட்டை, செம்பருத்தி, பவழமல்லி, துளசி மாடம். கொல்லை என்னுடையது: கறிவேப்பிலை, எலுமிச்சை, வாழை, ஆடிப் பட்டத்தில் வெண்டை, அவரை. சமையலறை அவளுடையது, பாங்கி என்னுடையது. கோலம் அவள், குழாய் நான். நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த ஒப்பந்தம் ஒரு சச்சரவும் இல்லாமல் நடந்தது. பெரிய கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்துக் கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் காலை, கிணற்றடியில் பாசி வழுக்கி என் மனைவி விழுந்தாள். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து விட்டது. டாக்டர் மாவுக்கட்டுப் போட்டு, "ஆறு வாரம் இந்தக் கையால் ஒரு டம்ளர்கூடத் தூக்கக் கூடாது" என்றார்.

அன்று சாயங்காலம் சமையலறைக்குள் ஒரு புதுக் குடித்தனக்காரனைப் போல நுழைந்தேன். பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன், மிளகாய் இருந்தது. காப்பிப் பொடி டப்பாவில் வெந்தயம். 'சர்க்கரை' என்று எழுதிய டப்பாவில் கல் உப்பு. தாளிப்பதற்காக உளுத்தம்பருப்பைத் தேடிப் பதினொரு டப்பா திறந்தேன். எண்ணெய் புகைந்து கரியாயிற்று.

"மேல் தட்டில், மூன்றாவது, மூடி நசுங்கின டப்பா" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

"அதன்மேல் 'ரவை' என்று எழுதியிருக்கிறதே?"

"அது நம் பெண் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எழுதியது. அதையெல்லாமா பார்ப்பார்கள்?"

நான் ரொம்பச் சிரமப்பட்டேன் என்று சொல்ல வரவில்லை. சிரமப்பட்டவள் அவள்தான், என் சாம்பாரை அவள் சாப்பிட்டாளே!

ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. ஒரு நாள் நான் காய்கறி வாங்கத் தாம்பரம் போயிருந்தேன். திடீரென்று மேகம் மூடிப் பெரும் மழை. எங்கள் மொட்டை மாடித் தண்ணீர் குழாய் வழியாக இறங்கி, ஜல்லியும் மணலும் கரியும் போட்ட வடிகட்டித் தொட்டிக்குள் புகுந்து, கிணற்றுக்குப் போகும். முதல் மழையை மட்டும் விடக்கூடாது. காக்கை எச்சமும் தூசியும் சருகும் அதில்தான் வரும். மூடியைத் திறந்து அதை வெளியே ஓட்டிவிட்டு, பிறகு அடைக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நான் சொல்லிக் கொடுத்ததே இல்லை. நான் நனைந்து கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் மாடி அழுக்கு எல்லாம் கிணற்றில். கையைத் தூளியில் தொங்கப் போட்டுக் கொண்டு, அவள் குழாயடியில் குடையோடு நின்று கொண்டிருந்தாள்.

"எந்த மூடி என்று தெரியவில்லை. தப்பாக எதையாவது திருப்பி விடுவேனோ என்று பயந்து விட்டேன்" என்றாள்.

இது அற்ப விஷயம் என்று நீங்கள் நினைக்கலாம். மழைத் தண்ணீர் எங்களுக்கு அற்பம் அல்ல. ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். ஆயிரம் சதுர அடி மாடி. சென்னைப் பக்கத்தில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லி மீட்டர் மழை. அந்த மாடியில் மட்டும் விழுவது 1,30,000 லிட்டர். சிந்தியது, சிதறியது போக ஒரு லட்சம் லிட்டர் கிணற்றுக்குப் போனால்கூட, பன்னிரண்டாயிரம் லிட்டர் டாங்கர் லாரியில் எட்டு லாரி! 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, ஜனங்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றபோது எங்கள் கிணற்றில் கை முழுகும் அளவுக்காவது தண்ணீர் இருந்தது. தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு வேண்டும் என்று 2003-ல் சட்டம் வந்தபோது முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். இப்போது முணுமுணுப்பதில்லை.

மழை அளவுக்கு மிஞ்சினாலும் கஷ்டம்தான். 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டி, முடிச்சூர் பக்கமெல்லாம் வெள்ளக்காடாயிற்று. அடுத்த வருஷம் டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல், மிருகக்காட்சிச்சாலையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. எங்கள் முருங்கையும் அன்று போயிற்று. 2023 டிசம்பர் மழையில் நெடுங்குன்றம் பக்கம் ஒரு முதலை ஹாயாக ரோட்டைக் கடந்து போனதைத் தேசமே பார்த்தது. இப்படிப்பட்ட ஊரில், வீட்டில் இருக்கிற இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் குழாய் தெரிந்து என்ன பிரயோஜனம்?

அன்று ராத்திரி பிள்ளை டெலிபோனில் முகத்தைக் காட்டினான். "அப்பா, இனிமேல் அங்கே தனியாக இருக்க வேண்டாம். வீட்டைக் கொடுத்துவிட்டு இங்கே வந்துவிடுங்கள்" என்றான். கொடுப்பதற்கு ஆளும் இருக்கிறது. பக்கத்து மனையில் அடுக்கு மாடி கட்டுகிறவர் இரண்டு முறை வந்து காப்பி சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். "யோசிக்கிறேன்" என்று சொல்லி வைத்தேன்.

விளக்கை அணைத்த பிறகு அவள் கேட்டாள்: "என்னங்க, எனக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"அசட்டுப் பேச்சுப் பேசாதே. தூங்கு" என்றேன், சற்றுக் கோபமாகவே.

"சரி, உங்களுக்கு ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்? அதையாவது சொல்லுங்கள்."

பதில் சொல்ல வாய் வரவில்லை. பென்ஷன் எந்தப் பாங்கியில், எந்தக் கணக்கில் வருகிறது என்றுகூட அவளுக்குத் தெரியாதே! வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று நான் மறைக்கவில்லை. அவளுக்கு எதற்குச் சிரமம் என்றுதான் நினைத்தேன். அந்தப் பிரியம் அன்று ராத்திரி எனக்கு வேறு மாதிரி தோன்றியது. கிணற்றடியில் குடையோடு நின்றாளே, அந்தக் கோலம் கண்ணை விட்டுப் போகவில்லை.

மறுநாள் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தேன். ஒரு பக்கம் அவள் சொல்ல நான் எழுதினேன்: அரிசிக்குத் தண்ணீர் அளவு, காஸ் பதிவு எண், யாருக்கு எந்த மாத்திரை, எந்தப் பண்டிகைக்கு எந்த உறவினருக்கு எழுத வேண்டும். மறுபக்கம் என் சமாசாரங்கள். நீங்களும் எழுதலாம் என்பதற்காக முக்கியமானவற்றைச் சொல்கிறேன்.

பாங்கிக் கணக்கு இருவர் பேரிலும், 'இருவரில் எவரேனும்' எடுக்கலாம் என்ற முறையில் இருக்கட்டும். ஒவ்வொரு வைப்புத் தொகைக்கும் வாரிசுதாரர் பெயரைப் பதிந்து விடுங்கள். பென்ஷன் புத்தகத்தில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பின்னால் குடும்ப பென்ஷனுக்கு அதுதான் ஆதாரம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். சொத்தைப் பிள்ளைகள் பேருக்கு எழுதி வைக்க அவசரப்படாதீர்கள். பெற்றோரைப் பராமரிக்க 2007-ல் சட்டம் வந்திருக்கிறது. அதற்காக அந்தப் படியை மிதிக்கிற நிலையை நாமே தேடிக் கொள்வானேன்?

தோட்டத்திலும் சில மாறுதல். கிணற்றடிப் பாசியைச் சுரண்டிச் சொரசொரப்பான கல் பதித்தாயிற்று. குளிக்கிற அறையில் பிடித்துக் கொள்ளக் கம்பி. கீரைத் தொட்டிகளை இடுப்பு உயரத் திண்ணையில் ஏற்றி விட்டோம், முழங்கால் பிழைத்தது. ஏணி ஏறுகிற வேலைக்கு இனி கூலி ஆள்தான். விதைத்த மூன்றாம் நாள் மயில் வந்து முளையைக் கொத்துகிறது. 1963 முதல் தேசியப் பறவையாயிற்றே, கல்லெடுத்து வீசலாமா? வலை போட்டிருக்கிறோம். வர்தாவில் விழுந்த முருங்கையின் கிளையை அப்போதே வேறிடத்தில் நட்டு வைத்தேன். இப்போது அதுதான் வாரம் இரண்டு நாள் சாம்பாருக்குக் காய் கொடுக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் வீட்டில் வேலை மாறும். மிருகக்காட்சிச்சாலை விடுமுறை நாள் என்பதால் ஞாபகம் வைத்துக் கொள்வது சுலபம். அன்று சமையல் நான். பாங்கியும் குழாயும் அவள். முதல் செவ்வாய் அவள் பாங்கியில் சீட்டு நிரப்பும்போது கை நடுங்கியதாம். நாலாவது வாரம், "வட்டியைத் தப்பாகப் போட்டிருக்கிறீர்களே" என்று குமாஸ்தாவிடம் கேட்டுத் திருத்தி வாங்கி வந்தாள். இத்தனை வருஷமாக நான் அதைக் கவனிக்கவே இல்லை!

பிள்ளைக்கு என்ன பதில் சொன்னோம் என்று கேட்கிறீர்களா? "இன்னும் கொஞ்ச நாள் இருந்து பார்க்கிறோம். முடியாதபோது நாங்களே சொல்லுவோம். நீ புரட்டாசியில் வா, வெண்டைக்காய் காய்க்கும்" என்றோம். முடியாத நாள் என்று ஒன்று வரும். அது எங்கள் இரண்டு பேரில் யாருக்கு முதலில் என்று தெரியாது. யாருக்கு வந்தாலும், மிச்சமிருக்கிறவர் இருட்டில் டப்பாவைத் தேடிக் கொண்டிருக்க வேண்டாம் அல்லவா?

இன்று செவ்வாய்க்கிழமை. வானம் கறுத்துக் கொண்டு வருகிறது. அவள் குடையை எடுத்துக் கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பில் எண்ணெய் காய்கிறது. மேல் தட்டில், மூன்றாவது, மூடி நசுங்கின டப்பா.

பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, நீங்களும் ஒரு தரம் எழுந்து போய்ப் பாருங்களேன்!