ஒரு காட்டுக்கோழிக்கு 7 ஆண்டு சிறையா? ஓசூர் எல்லைக் காடுகளில் சட்டம் சொல்வது என்ன?

ஏப்ரல், மே மாதங்களில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரி பக்கம் விடியற்காலையில் பைக்கில் போனால் காட்டுக்கோழிச் சேவலின் கூவல் கேட்கும். மானாவாரி நிலத்து ஓரங்களில் கௌதாரி விடாமல் கத்தும். ஆள் பார்த்தால் பதுங்கிவிடும் பறவைகள், இந்த சீசனில் மட்டும் தாங்கள் இருக்கும் இடத்தைத் தாங்களே சொல்லிவிடுகின்றன. காரணம், இது அவை ஜோடி சேர்ந்து முட்டையிடும் காலம். கண்ணியோடும் வலையோடும் காட்டுக்குள் போகிறவர்களும் இதே காலத்தைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

"ஒரே ஒரு கோழிதானே, அதுக்கெல்லாமா கேஸ் போடுவாங்க?" என்று சாதாரணமாகக் கேட்பவர்கள் உண்டு. போடுவார்கள். எந்த இடத்தில் பிடித்தீர்கள் என்பதைப் பொறுத்து, அந்த ஒரு கோழிக்கே 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

அமெரிக்காவில் மட்டும் எப்படி அனுமதி?

வசந்த காலத்தில் அமெரிக்காவில் நடக்கும் காட்டு வான்கோழி வேட்டை வீடியோக்கள் மொபைலில் நிறைய வருகின்றன. பெட்டையைப் போலக் குரல் கொடுத்து, ஓடி வரும் சேவலைச் சுடுவார்கள். சீசன் கடைசியில் பெரும்பாலான பெட்டைகள் அடைகாக்கப் போய்விடும். தனியாகத் திரியும் சேவல் அந்தப் பொய்க்குரலை நம்பி வந்துவிடும்.

ஆனால் அங்கே இதற்கு லைசென்ஸ், தேதி, எண்ணிக்கை என எல்லாவற்றுக்கும் வரம்பு உண்டு. வசந்த சீசனில் பொதுவாகச் சேவலை மட்டுமே சுடலாம். வான்கோழிச் சேவல் குஞ்சு வளர்ப்பதில் பங்கெடுக்காது என்பதால், இனம் சேர்ந்த பிறகு அது இறந்தாலும் கூட்டுக்குப் பெரிய பாதிப்பு இல்லை என்பதுதான் கணக்கு. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் கிடைக்கும் வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கும் சட்டம் அங்கே 1937 முதல் இருக்கிறது.

அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது. கௌதாரி ஜோடியாக வாழும் பறவை. பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கத்தவிட்டால், தங்கள் இடத்தில் வேறு பறவை நுழைந்துவிட்டதாக நினைத்துச் சண்டைக்கு வரும் ஜோடி கண்ணியில் சிக்கும். கண்ணிக்குச் சேவல், பெட்டை என்ற வித்தியாசம் தெரியாது. காட்டுக்கோழிப் பெட்டை சுமார் 3 வாரம் அடைகாக்கும். அந்த நேரத்தில் அது சிக்கினால் முட்டைகளும் வீண். அதாவது, போவது ஒரு பறவை இல்லை, ஒரு தலைமுறை.

'வேட்டை' என்றால் சுடுவது மட்டுமா?

இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்கு விரிவான விளக்கம் இருக்கிறது.

- கொல்வது, விஷம் வைப்பது
- கண்ணி, வலை, பொறி வைத்துப் பிடிப்பது
- இரை வைத்து வரவழைப்பது, விரட்டுவது
- இவற்றில் எதையாவது செய்ய முயற்சிப்பது
- காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவது, கூட்டைக் கலைப்பது

ஆக, கண்ணி வைத்து எதுவும் சிக்காவிட்டாலும் குற்றம்தான். நிலக்கடலைக் காட்டில் மயிலுக்கு மருந்து கலந்த தானியம் போடுவதும் வேட்டைதான்.

தண்டனை எவ்வளவு?

2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள சட்டப்படி, வனவிலங்குக் குற்றங்களுக்குப் பொதுவான தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் இரண்டு சூழ்நிலைகளில் தண்டனை மிகவும் கடுமையாகும். ஒன்று, மயில் போல முதல் அட்டவணையில் உள்ள உயிரினத்தை வேட்டையாடுவது. இன்னொன்று, சரணாலயத்துக்குள் வேட்டையாடுவது. அப்போது குறைந்தபட்சமே 3 ஆண்டு சிறை, அதிகபட்சம் 7 ஆண்டு. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

ஓசூர் பகுதியில் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது விஷயத்தைத்தான். இங்குள்ள பெரும்பாலான காடு இப்போது வெறும் காப்புக்காடு இல்லை. காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-இலும், கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பரவியுள்ள காவிரி தெற்கு சரணாலயம் 2022-இலும் அறிவிக்கப்பட்டன. அப்பா, தாத்தா காலத்தில் சும்மா நடந்துபோன காடு, இன்று சட்டத்தின் பார்வையில் வேறு இடம்.

துப்பாக்கி இருந்தால்?

லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தால் ஆயுதச் சட்டத்தில் தனி வழக்கு வரும். பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கியாக இருந்தாலும், அதை வைத்துக் காட்டுப் பறவையைச் சுட அனுமதி இல்லை. சரணாலயத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் தலைமை வனஉயிரினக் காப்பாளரின் ஒப்புதல் இல்லாமல் புதிய துப்பாக்கி லைசென்ஸும் தர முடியாது.

எல்லை தாண்டினால் தப்பிக்கலாமா?

முடியாது. இது மத்தியச் சட்டம். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே விதிதான். காட்டில் பிடித்தவர் மட்டுமல்ல, இறைச்சியை வாங்கியவரும் மாட்டுவார். இறைச்சி உங்கள் கையில் இருப்பது உறுதியானால், அது சட்டவிரோதமானது அல்ல என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. வேட்டைக்குப் பயன்படுத்திய வண்டியையும் பறிமுதல் செய்யலாம். வீக்எண்டில் ஜாலியாகக் கிளம்பும் சிப்காட் தொழிலாளிக்கு, தவணை முடியாத பைக்கும் போய், கையில் இருக்கும் வேலைக்கும் சிக்கல் வரலாம்.

எல்லைக் காட்டில் உயிருக்கும் ஆபத்து உண்டு. 2023 பிப்ரவரியில், சேலம் மாவட்டம் கோவிந்தப்பாடியைச் சேர்ந்த ஒருவரின் உடல் பாலாற்றில் மீட்கப்பட்டது. கர்நாடக வனத்துறையினர் துப்பாக்கிச்சூடு நடத்திய சம்பவத்துக்குப் பிறகு நடந்தது இது. மான் வேட்டைக்கு வந்தவர்கள் என்றது வனத்துறை. மீன் பிடிக்கப் போனவர்கள் என்றார்கள் உறவினர்கள். பதற்றத்தில் இரு மாநிலங்களுக்கு இடையே அந்த வழியில் பஸ் போக்குவரத்தே நின்றது. இருட்டில், ஆயுதம் ஏந்திய இரண்டு தரப்பு எதிரெதிரே வந்தால் யார் எதற்கு வந்தார்கள் என்று விசாரிக்க நேரம் இருக்காது.

பயிர் நாசமானால் விவசாயி என்ன செய்வது?

இந்தக் கேள்வி நியாயமானது. மயிலும் பன்றியும் மூன்று மாத உழைப்பை அழித்துவிடும். சேதத்தை உடனே போட்டோ எடுத்து, வனச்சரக அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் தெரிவித்து இழப்பீட்டுக்கு மனு கொடுக்கலாம். காட்டுப்பன்றி விஷயத்தில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையே சுடலாம் என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. அதிலும் சுடுவது வனத்துறையினர்தான், விவசாயி இல்லை.

சாப்பிடத்தான் ஆசை என்றால், கடையில் நாட்டுக்கோழி இருக்கிறது, பண்ணைக் காடையும் வான்கோழியும் இருக்கின்றன. இவற்றுக்குத் தடை இல்லை. காட்டில் புதருக்கு அடியில் முட்டை கண்ணில் பட்டால், தொடாமல் விலகி வந்துவிடுங்கள். வெயில் கொளுத்தும் இந்த இரண்டு மாதத்தில் அந்தப் பெட்டைக்கு வேண்டியது அவ்வளவுதான்.